ஐயமும் ஆராய்ச்சியும்

சென்ற மாசிப் பௌர்ணமி மாலை, ஹைதராபாத் அமீர்பேட்டில் உபாசகர் ஒருவர் இல்லத்தில் நம்மவர் சிலர் கூடித் திரிசரணமும் பஞ்சசீலமும் ஏற்றபின், வழக்கம்போல் தம்ம உரையாடல் நிகழ்ந்தது. அவ்வமயம் இளைஞர் ஒருவர் எழுந்து ஒரு வினாவை எழுப்பினார். அமீர்பேட்டின் தெருக்களில் நெருங்கி நிற்கும் பயிற்சி நிலையங்களுள் ஒன்றில் பயின்று, அரசுப் பணிக்கான எழுத்துத் தேர்வு எழுதியவர் அவர். சில மதிப்பெண் குறைவால் வாய்ப்பினை இழந்தார். தம் விடைத்தாளைக் கண்ணால் காண விரும்பி, உரிய அலுவலகத்தை அணுகினார். அங்கிருந்த எழுத்தர், “எதற்குக் கேட்கிறீர்? எங்கள்மேல் சந்தேகமா?” என்று தெலுங்கில் வினவினாராம். இளைஞர் மறுமொழி கூறாமல் திரும்பிவிட்டார்.

“ஐயா, அவர் கேட்ட கேள்வி என் நெஞ்சில் தைத்துவிட்டது. சந்தேகம் மனத்தின் மாசு என்று இங்கே கற்கிறோம். பிறர்மீது ஐயங்கொண்டு அவருடைய ஏட்டைப் புரட்டிப் பார்க்க விழைவது சீலத்துக்குப் பொருந்துமா? உரிமை சட்டத்தில் இருக்கிறது என்பதை அறிவேன். தம்மத்தில் இருக்கிறதா என்பதே என் கேள்வி” என்றார்.

அன்றிரவு அவருக்குக் கூறிய விடை சுருக்கமானது. ஆயினும் இவ்வினா அவர் ஒருவருக்கு உரியது அன்று. பட்டா நகல் வேண்டித் தாலுகா அலுவலகத்தில் நிற்பவருக்கும், சாதிச் சான்றிதழ் மறுக்கப்பட்டுக் காரணம் கேட்பவருக்கும், உதவித்தொகைப் பட்டியலில் தம் பெயரைத் தேடுபவருக்கும் இதுவே வினா. ஆகவே இதனைச் சிறிது விரிவாக ஆராய்வோம்.

முதலில் சட்டம் யாது கூறுகிறது என்பதைத் தெளிவாக அறிதல் வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005ஆம் ஆண்டு மே மாதத்தில் பாராளுமன்றத்தின் இரு அவைகளிலும் நிறைவேறி, ஜூன் 15இல் குடியரசுத் தலைவரின் இசைவு பெற்று, அக்டோபர் 12 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அரசாங்க அலுவலகங்களில் உள்ள ஆவணங்களையும் பதிவேடுகளையும் நேரிற் பார்வையிடவும், அவற்றிலிருந்து குறிப்பு எடுக்கவும், சான்றிட்ட நகல் பெறவும், அரசு வேலைகளைப் பார்வையிட்டு அவற்றில் பயன்படும் பொருள்களின் மாதிரியை எடுக்கவும் குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் அது உரிமை அளிக்கிறது. பொதுத் தகவல் அலுவலர் 30 நாட்களுக்குள் விடையளிக்க வேண்டும். உயிரும் சுதந்திரமும் பற்றிய செய்தியாயின் 48 மணி நேரத்திற்குள் அளிக்க வேண்டும். ஐக்கிய ஆந்திரத்தில் 2005இல் வகுத்த விதிகளின்படி, கிராம அளவில் விண்ணப்பக் கட்டணம் இல்லை. மண்டல அளவில் 5 ரூபாய். ஏனைய அலுவலகங்களில் 10 ரூபாய். வறுமைக் கோட்டிற்குக் கீழுள்ளோர் கட்டணம் செலுத்த வேண்டுவதில்லை.

இவற்றினும் முக்கியமானது அச்சட்டத்தின் ஆறாம் பிரிவில் உள்ள ஒரு விதி. விண்ணப்பிப்பவர் தமக்கு அத்தகவல் ஏன் வேண்டும் என்று காரணம் கூற வேண்டியதில்லை. தம்மைத் தொடர்பு கொள்வதற்கு வேண்டிய விவரத்தை மட்டும் தந்தால் போதும். ஆகவே, அந்த எழுத்தர் கேட்ட முதற் கேள்வியாகிய “எதற்குக் கேட்கிறீர்?” என்பது சட்டம் அவரைக் கேட்கக்கூடாது என்று தடுத்துள்ள கேள்வியாகும்.

விடைத்தாளைப் பொறுத்தவரையும் சட்டம் தெளிவாகவே உள்ளது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் தொடர்பான வழக்கில் 2011 ஆகஸ்டு 9ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில், திருத்தப்பட்ட விடைத்தாளும் இச்சட்டம் கூறும் ‘தகவல்’ என்னும் சொல்லுள் அடங்கும் என்றும், தேர்வு எழுதியவர் அதனைப் பார்வையிட்டு நகல் பெறலாம் என்றும் கூறியது. அதே தீர்ப்பு, திருத்திய ஆசிரியரின் பெயரை வெளியிடலாகாது என்றும் காத்தது. ஒன்றைத் திறந்து காட்டும்போது பிறிதொன்றை மூடிக் காத்தல் ஏன் என்பதைப் பின்னர்க் காண்போம். 2018இல் மத்தியத் தேர்வாணையம் பற்றிய வழக்கில், குடிமைப் பணித் தேர்வு மதிப்பெண் விவரங்களை இயந்திரம்போல் எல்லா வேளையிலும் வெளியிட வேண்டுவதில்லை என்று அந்நீதிமன்றமே ஓர் எல்லையும் வகுத்தது. எனவே இவ்வுரிமை எல்லையற்றது என எண்ணலாகாது.

இனி இளைஞரின் மெய்யான வினாவுக்கு வருவோம். ஐயம் மாசு அன்றோ?

ஐந்து நீவரணங்களுள் விசிகிச்சை எனப்படும் ஐயமும் ஒன்றென்பது உண்மையே. ஆனால் அது எவ்வகை ஐயம் என்பதை ஆராய வேண்டும். நீவரணமாகிய ஐயம், ஆராய மனமில்லாத ஐயம். அது நெஞ்சுள் கிடந்து புழுங்கும். எதையும் காணப் புறப்படாது. காணாமலே பிறரைப் பழிக்கும். காணப் புறப்படும் ஐயமோ ஆராய்ச்சியின் வாயில். காலாமர்கள், பல ஆசிரியர்கள் வந்து பலவாறு கூறுவதால் எதை நம்புவது என ஐயுற்றபோது, பகவான் அவர்களைக் கடிந்தாரில்லை. ஐயுறுவதற்குரிய இடத்தில் ஐயம் எழுந்தது முறையே என ஏற்று, பின்னர் தாமே ஆராய்ந்து அறியும் வழியைக் காட்டினார்.

இதனினும் வியப்பானது மஜ்ஜிம நிகாயத்தில் உள்ள வீமம்சக சூத்திரம். அதிலே ததாகதர் தம்மையே ஆராயுமாறு பிக்குகளுக்குக் கூறுகிறார். கண்ணாற் காணத்தக்க நடையையும் செவியாற் கேட்கத்தக்க சொல்லையும் கொண்டு, மாசுள்ளவரா மாசற்றவரா என்று சோதித்து, அதன்பின் எழும் சிரத்தையே வேர்கொண்ட சிரத்தை என்கிறார். உலகிலே தம்மைச் சோதிக்கும்படி சீடரை அழைத்த ஆசிரியர் எத்துணைப் பேர்? நம் தம்மத்தை ‘எஹிபஸ்ஸிகோ’ என்று போற்றுகிறோம். வந்து பார் என்று அழைக்கத் தகுதியுடையது என்பது அதன் பொருள். பார்க்க வந்தவனை எதற்கு வந்தாய் என்று அது கேட்பதில்லை.

விநயத்திலும் இதற்கு ஒரு சான்று உண்டு. மூன்று மாத வர்ஷாவாசம் முடியும் நாளில் பிக்குகள் பவாரணை என்னும் சடங்கு நிகழ்த்துவர். ஒவ்வொரு பிக்குவும் சங்கத்தின்முன் கைகூப்பி, தம்மிடம் கண்ட குற்றமோ, கேட்ட குற்றமோ, ஐயுற்ற குற்றமோ இருப்பின் இரக்கத்தோடு எடுத்துரைக்குமாறு வேண்டுவார். இவ்வேண்டுகோளை முதலில் விடுப்பவர் இளையவர் அல்லர், அனைவருள்ளும் மூத்தவரே. சம்யுத்த நிகாயத்தின் ஒரு சூத்திரத்தில் பகவான் தாமும் அவ்வாறே சங்கத்தை நோக்கி, தம் செயலிலோ சொல்லிலோ குறை கண்டீரா என்று வினவுகிறார்.

இதில் மூன்று உண்மைகள் அடங்கியுள்ளன. முதலாவது, கண்டதும் கேட்டதும் மட்டுமன்றி ஐயுற்றதையும் எடுத்துரைக்க இடமுண்டு. இரண்டாவது, உயர்ந்த இடத்தில் இருப்பவரே முதலில் தம்மைத் திறந்து காட்டக் கடமைப்பட்டவர். மூன்றாவது, அவ்வாறு காட்டுதல் இழிவன்று; தூய்மைக்கு வழி. “எங்கள்மேல் சந்தேகமா?” என்று சினந்து வினவுபவருக்குப் பவாரணையின் பொருள் எட்டவில்லை என்பதே நாம் கொள்ளத்தக்கது.

நாம் இவ்வுரிமையை ஏன் உயிரென மதிக்க வேண்டும் என்பதற்கு நம் மக்களின் வரலாறே காரணம் கூறும். 1923இல் பம்பாய்ச் சட்டசபை, பொது நீர்நிலைகளும் பொதுக் கட்டடங்களும் தீண்டப்படாதார் என ஒதுக்கப்பட்டோர்க்கும் உரியன என்று தீர்மானித்தது. 1924இல் மகாத் நகராட்சியும் சவதார் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் எழுதிக்கொண்டது. எழுத்து ஏட்டில் இருந்தது. நீர் குளத்தில் இருந்தது. நம்மவர் தாகத்தோடு இருந்தனர். 1927 மார்ச் 20ஆம் நாள் டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் சென்று அக்குளத்து நீரைக் கையால் அள்ளிய போதுதான் ஏட்டில் இருந்த எழுத்துக்கு உயிர் வந்தது. குளம் தமக்கே உரியதென்று வழக்காடியவர்கள் அப்பழக்கத்தை மெய்ப்பிக்க இயலாமல் 1937இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் தோற்றனர். ஏட்டில் என்ன உள்ளது என்பதை அறிந்தவனே அதன்படி நடக்கத் துணிவான்.

தமிழகத்துக்கு வருவோம். செங்கற்பட்டுக் கலெக்டராக இருந்த திரமன்கீர் 1891இல் பறையர்களின் நிலை பற்றி எழுதிய அறிக்கையின் பயனாக, 1892இல் சென்னை அரசாங்கம் ஒடுக்கப்பட்டோர்க்கு நிலம் ஒப்படைக்க ஆணையிட்டது. அதுவே பஞ்சமி நிலம். முதற் பத்தாண்டுகளில் அதனை விற்றல் கூடாது; அதன்பின்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பினர்க்கன்றிப் பிறர்க்குக் கைமாற்றலாகாது என்பது நிபந்தனை. அவ்வாறு வழங்கப்பட்டது 12 லட்சம் ஏக்கர் அளவு என்று கூறுவர். அதில் பெரும்பகுதி பிறர் கைக்குப் போயிற்று. எந்தச் சர்வே எண், எவர் பெயருக்கு, எந்த நிபந்தனையோடு ஒப்படைக்கப்பட்டது என்பது வருவாய்த் துறைப் பதிவேட்டில் எழுதப்பட்டிருந்தது. நிலத்துக்கு உரியவரோ அப்பதிவேட்டைக் கண்டதில்லை. 1994 அக்டோபர் 10ஆம் நாள் செங்கற்பட்டை அடுத்த காரணையில் பஞ்சமி நிலம் மீட்கப் போராடியவர்கள்மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிர் நீத்தனர். அந்நாளில் ஏட்டின் நகலைக் கேட்டுப் பெறச் சட்டம் இல்லை. இன்று அத்தகைய பதிவேட்டின் நகலைப் பெறச் சில ரூபாய்களே வேண்டும். இவ்விரு நிலைகளுக்கும் இடையிலுள்ள தூரத்தை நம் இளைஞர் மறத்தலாகாது.

ஏட்டை மறைத்தல் பஞ்சசீலத்துக்குப் பகையானது என்றும் கூறுவேன். கொடாததை எடாமை என்பது இரண்டாம் சீலம். பிறர்க்கு உரியதை அவர் அறியாதபடி ஏட்டுக்குள் பூட்டி வைத்தால், எடுத்தவன் கை ஏட்டுக்குள் மறைகிறது. பொய்யாமை என்பது நான்காம் சீலம். உண்மை இருக்கும் ஏட்டை இல்லை என்பதும், இருப்பதை அறிந்தும் காட்ட மறுப்பதும் பொய்யின் உடன்பிறப்புகளே. ஏட்டைக் காண விரும்புபவனோ எவர் பொருளையும் கவரவில்லை. அரசாங்கத்தின் ஏடு மக்களின் வரியால் வாங்கிய தாளில், மக்களின் ஊதியம் பெறும் கையால், மக்களைப் பற்றி எழுதப்பட்டது. உடைமையாளன் தன் கணக்கைக் காண்பதற்கு ஐயம் என்று பெயரிடலாமோ?

இக்கருத்தைக் கற்றவர்களுக்கு முன்னரே கண்டுகொண்டவர்கள் இராஜஸ்தானத்துக் கூலி மக்கள். 1990இல் அங்கே தோன்றிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன், 1994 டிசம்பர் 2ஆம் நாள் கோட் கிரானா என்னும் கிராமத்தில் மக்கள் மன்றம் கூட்டி, அரசாங்க வேலைகளின் கூலிப் பட்டியலை உரக்க வாசித்தது. வேலை செய்யாதவர் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்ததும், முடியாத வேலை முடிந்ததாகக் காட்டப்பட்டிருந்ததும் அவ்வூர் மக்களின் செவியிலே விழுந்தன. 1996இல் பியாவர் நகரில் நாற்பது நாட்கள் அறப்போர் நடந்தது. எங்கள் பணம், எங்கள் கணக்கு என்பதே அவர்தம் முழக்கம். தமிழ்நாடு 1997இலேயே மாநில அளவில் இத்தகைய சட்டம் இயற்றியது. ஆயினும் அது விலக்குகள் மிகுந்ததாக இருந்தது. நம் ஆந்திர தேசத்தில், 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்தின்கீழ் நடந்த வேலைகளைச் சமூகத் தணிக்கை செய்வதற்கென்றே 2009இல் ஹைதராபாத்தில் ஓர் அமைப்பு நிறுவப்பட்டது. தொழிலாளர் குடும்பத்து இளைஞர்களே ஏட்டையும் வேலையையும் ஒப்பிட்டுப் பார்த்து, மண்டலக் கூட்டத்தில் வெளிப்பட வாசித்தனர்.

ஏட்டை வாசித்துக் காட்டும் மரபு இந்நாட்டுக்குப் புதிதன்று. முற்காலத்து நிஜாம் ஆட்சிக்குள் இருந்த மஸ்கியில் 1915இல் அசோகரின் சாசனம் கண்டெடுக்கப்பட்ட செய்தியை ஹைதராபாத்வாசிகள் அறிவர். அப்பேரரசர் தம் ஆணைகளைப் பெட்டிக்குள் பூட்டாமல், வழிப்போக்கர் காணும் பாறைகளில், மக்கள் பேசிய பிராகிருத மொழியில் பொறித்தார். கலிங்கத்து அதிகாரிகளுக்கு விடுத்த தனிச் சாசனத்தைத் திஷ்ய நட்சத்திர நாள்தோறும் வாசிக்க வேண்டும் என்றும், கேட்போர் ஒருவரே இருப்பினும் வாசிக்கலாம் என்றும் விதித்தார். அதிகாரிக்கு இட்ட கட்டளையைக் குடிகளும் கேட்டறிய வேண்டும் என்பதே அதன் கருத்து. தென்னாட்டில் பத்தாம் நூற்றாண்டு உத்தரமேரூர்க் கல்வெட்டும் கணக்குக் காட்டாத வாரியத்தாரையும் அவர்தம் உறவினரையும் மறுமுறை தேர்ந்தெடுக்கலாகாது என்று விதித்துள்ளது. அது பெருமைக்குரியதே. எனினும் அச்சபை பிராமணர்க்கு அளிக்கப்பட்ட சதுர்வேதிமங்கலத்தின் சபை என்பதை மறத்தலாகாது. கணக்கு உரியவர்க்குக் காட்டப்பட்டது. உரியவர் எவர் என்னும் வட்டமோ மிகச் சிறிதாக இருந்தது. இன்றைய சட்டம் அவ்வட்டத்தைக் குடிமக்கள் அனைவரையும் உள்ளடக்கும்படி விரித்துள்ளது என்பதே அதன் சிறப்பு.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். காரணம் கேட்கலாகாது என்று சட்டம் கூறினால், தீய நோக்கம் உடையவனும் இவ்வுரிமையைக் கையில் எடுப்பானே? அதிகாரியை மிரட்டிப் பணம் பறிக்கவும், அண்டை வீட்டான்மீது பகை தீர்க்கவும் விண்ணப்பம் எழுதுவோரும் உளரன்றோ? உளர். அளவின்றி ஆவணங்களைக் கேட்டு அலுவலகத்தை முடக்குவது இச்சட்டத்தின் நோக்கத்தையே கெடுக்கும் என்று, மேலே கூறிய 2011ஆம் ஆண்டுத் தீர்ப்பிலேயே உச்ச நீதிமன்றம் எச்சரித்துள்ளது.

நம் தம்மத்தில் சேதனையே கர்மம். செயலின் தன்மை அதன் பின்னுள்ள எண்ணத்தைச் சார்ந்தது. ஆகவே “எதற்குக் கேட்கிறாய்?” என்னும் கேள்வி கேட்கப்படத்தான் வேண்டும். ஆனால் அதனைக் கேட்கும் உரிமை மேசைக்கு அப்பால் அமர்ந்திருப்பவருக்கு இல்லை. அவரிடம் அவ்வுரிமையை ஒப்படைத்தால், ஏழையின் காரணம் என்றும் போதாததாகவும் செல்வனின் காரணம் என்றும் தக்கதாகவும் தோன்றும் என்பதை நம் பாட்டன்மார் பட்டறிந்துள்ளனர். அக்கேள்வியை விண்ணப்பம் எழுதுபவன் தன் நெஞ்சை நோக்கித் தானே கேட்டுக்கொள்ள வேண்டும். பிறர் குற்றத்தை எடுத்துரைக்க முற்படும் பிக்கு முதலில் தன் மெய்யும் மொழியும் தூயனவா என்று ஆராய வேண்டும் என்றும், தக்க காலத்தில், உண்மையாக, மென்மையாக, பயன் கருதி, அன்புள்ளத்தோடு உரைக்க வேண்டும் என்றும் விநயம் விதிக்கிறது. இவ்வைந்தையும் விண்ணப்பத்தாளில் எழுத வேண்டுவதில்லை. எழுதும் கையில் இருத்தல் வேண்டும்.

பிறரின் அந்தரங்கமும் இவ்வாறே காக்கத்தக்கது. நோயாளியின் நோயும், குடும்பத்தின் துயரமும், விடைத்தாள் திருத்தியவரின் பெயரும் பொதுமக்களின் கணக்கு அல்ல. இங்கே விழிப்பும் வேண்டும். முதற் சட்டத்தில், தனிமனிதர் பற்றிய தகவலாயினும் பெரும் பொதுநலன் கருதி வெளியிடலாம் என்று அவ்விதிக்குள்ளேயே இடம் இருந்தது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அவ்விதியைத் திருத்திச் சுருக்கி, தனிமனிதர் பற்றிய தகவல் என்ற அளவிலேயே மறுக்கலாம் என்றாக்கியது. பொதுநலன் மிகுமாயின் வெளியிடலாம் என்னும் வேறொரு பொதுப் பிரிவு இருப்பினும், கூலிப் பட்டியலில் உள்ள பெயரும் தனிமனிதர் பெயரே என்று ஒருவர் கூறிவிட்டால் கோட் கிரானாவில் வாசித்ததை மறுமுறை வாசிப்பது எங்ஙனம்? எளியவரின் அந்தரங்கம் வலியவரின் கேடயம் ஆகிவிடாதபடி காத்தல் நம் கடன்.

சட்டம் இருப்பதனாலேயே எல்லாம் கைகூடும் என்றும் எண்ணலாகாது. தெலங்கானத் தகவல் ஆணையத்தில் 2023இல் ஆணையர்களின் பதவிக்காலம் முடிந்தபின், 2025இல் புதியவர்கள் நியமிக்கப்படும் வரை, மேல்முறையீட்டைக் கேட்க ஆணையர் ஒருவரும் இல்லை. குஜராத்தில் சுரங்க முறைகேடுகளை ஆவணம் கேட்டு வெளிக்கொணர முயன்ற அமித் ஜேத்வா 2010 ஜூலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆதலால் க்ஷாந்தியாகிய பொறுமையும், வீரியமாகிய ஊக்கமும், தனித்து நில்லாமல் சங்கமாக நிற்கும் ஒற்றுமையும் இவ்வுரிமையை ஆள்வோர்க்கு வேண்டும்.

இனி அவ்விளைஞரின் கதையை முடிப்போம். அன்றைய உரையாடலுக்குப் பின் அவர் 10 ரூபாய்க் கட்டணத்துடன் முறையாக விண்ணப்பித்தார். முதலில் விடை வரவில்லை. மேல்முறையீடு செய்தபின் விடைத்தாளைப் பார்வையிட அழைத்தனர். சென்ற ஆடிப் பௌர்ணமியன்று அவர் மீண்டும் நம் கூட்டத்துக்கு வந்தார். என்ன கண்டீர் என்று கேட்டோம். மதிப்பெண்கள் சரியாகவே கூட்டப்பட்டிருந்தன என்றும், தாம் ஒரு வினாவின் பிற்பகுதியை எழுதாமலே விட்டிருந்தது கண்டதாகவும் கூறினார்.

“அப்படியாயின் உம் உழைப்பு வீண்தானே?” என்றார் ஒருவர்.

“இல்லை ஐயா. ஓராண்டாக என் தோல்விக்கு முகமறியாத ஒருவரைப் பழித்துக்கொண்டிருந்தேன். அந்தத் தாளைக் கண்ட அரைமணியில் அந்தப் பகை தீர்ந்தது. அடுத்த தேர்வுக்கு எதைப் படிக்க வேண்டும் என்பதும் தெரிந்தது” என்று அவர் விடையிறுத்தார்.

அவருடைய முதல் வினாவுக்கு அவரே விடை கண்டுவிட்டார். காணாமல் நம்புவதும் காணாமல் ஐயுறுவதும் அவித்தை என்னும் ஒரே தாயின் மக்கள். ஏட்டைத் திறந்து காட்டினால், குற்றம் இருப்பின் அது வெளிப்படும். இல்லையேல் ஐயம் அகலும். இருவழியிலும் இருள் குறைகிறது. அந்த எழுத்தர் முதல் நாளே அத்தாளை எடுத்துக் காட்டியிருந்தால், தம்மீதும் தம் அலுவலகத்தின்மீதும் ஓர் இளைஞர் கொண்டிருந்த ஐயத்தை அன்றே துடைத்திருப்பார்.

ஆகவே நம் உபாசக உபாசிகைகள் அரசாங்க ஏட்டைக் காண அஞ்ச வேண்டாம், நாணவும் வேண்டாம். அலுவலகங்களில் பணிபுரியும் நம்மவர், கேட்டு வருவோரைப் பகைவராக எண்ணாமல், பவாரணை நாளின் மூத்த பிக்குவைப்போல் முன்வந்து திறந்து காட்டுக. கேட்கும் நம்மவர் தம் நெஞ்சை முதலில் திறந்து பார்த்து, பின்னர் ஏட்டைத் திறக்கக் கேட்பாராக.